நாலு எல்லைக்கு வெளியே இருக்கும் சொத்து

(கோவையின் வடக்குப் புறநகரில், குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

பெரியவர்களே, தாய்மார்களே, தம்பி தங்கைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

உங்கள் வீட்டுப் பத்திரத்தில் சொத்து விவரம் எழுதியிருக்கும் பக்கத்தை ஒரு தடவை நினைத்துப் பாருங்கள். வடக்கே 14ஆம் எண் சைட், கிழக்கே 22ஆம் எண் சைட், தெற்கே 30 அடி கிழமேல் ரோடு, மேற்கே இன்னொரு சைட், இதன் மத்தியில் 5 சென்ட் என்று இருக்கும். அந்த நாலு எல்லையை நாம் மனப்பாடமாகச் சொல்வோம். கல் அரை அடி நகர்ந்தால் பக்கத்து வீட்டுக்காரரோடு ஸ்டேஷன் வரைக்கும் போவோம். அதே பக்கத்தில் கீழே இன்னொரு வரி இருக்கும். லே-அவுட் ரோடுகளில் ஆளும் வண்டியும் போய்வரும் மாமூல் தடபாத்தியம், அதாவது வழி உரிமை, உங்களுக்கு உண்டு என்று அந்த வரி சொல்லும். அதை யாரும் வாசிப்பதில்லை. நான் இன்றைக்குப் பேச வந்தது அந்த வரியைப் பற்றித்தான்.

ஓர் ஏக்கர் காட்டை, அதாவது மானாவாரி நிலத்தை, லே-அவுட் போட்டால் நூறு சென்டும் விற்பனைக்கு வராது. ரோடு, பூங்கா எல்லாம் போக அறுபது சொச்சம் சென்ட்தான் மிஞ்சும். மீதி நிலத்தின் விலையை விற்றவர் தன் கையிலிருந்தா போட்டார்? சென்ட் விலையில் ஏற்றி நம்மிடம்தான் வாங்கினார். ஆக, நம் வாசலுக்கு முன்னால் இருக்கும் ரோட்டுக்கும், மூலையில் முள் மண்டிக் கிடக்கும் ரிசர்வ் சைட்டுக்கும் நாம் காசு கொடுத்திருக்கிறோம். அதை நாமே யாரோ ஒருவருடைய சொத்து போலப் பார்த்துக்கொண்டு போகிறோம்.

இந்த ரிசர்வ் சைட் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பெரிய லே-அவுட் என்றால், ரோடு போக மீதியுள்ள பரப்பில் பத்தில் ஒரு பங்கைப் பொது உபயோகத்துக்கு ஒதுக்கி, உள்ளாட்சி அமைப்புக்குத் தானப் பத்திரமாக எழுதிக் கொடுக்க வேண்டும். 10,000 சதுர மீட்டருக்கு மேல் போனால் இதில் விலக்கே கிடையாது. 3,000-லிருந்து 10,000 வரைக்கும் இடத்துக்குப் பதிலாகப் பணம் கட்ட வழி இருக்கிறது. விதி தெளிவாகத்தான் இருக்கிறது. நடப்பதைக் கேளுங்கள். வரைபடத்தில் பச்சை அடித்துப் பூங்கா என்று காட்டுவார்கள், தானப் பத்திரம் பதிவாகியிருக்காது. பட்டா தோட்டத்தின் பழைய சொந்தக்காரர் பெயரிலேயே கிடக்கும். இருபது வருஷம் கழித்து அவர் வாரிசுகள் பட்டாவைப் பார்க்கிறார்கள். அதற்குள் சென்ட் விலை எங்கேயோ போயிருக்கும். ஒரு பவர் பத்திரம் எழுதுகிறார்கள், விற்கிறார்கள். வாங்குகிறவர் வில்லங்கம் போட்டுப் பார்க்கிறார், வில்லங்கம் ஒன்றும் தெரிவதில்லை. அவரும் நம்மைப் போல ஆயுசு பூராவும் சேர்த்த பணத்தைத்தான் அதில் போடுகிறார்.

2011-ல் கோவை மாநகராட்சி ஏறக்குறைய 105 சதுர கிலோமீட்டரிலிருந்து 257 சதுர கிலோமீட்டராக விரிந்தது. சரவணம்பட்டி, காளப்பட்டி, துடியலூர், வடவள்ளி, குறிச்சி, குனியமுத்தூர் எல்லாம் உள்ளே போயின. எல்லை மாறுகிற சமயத்தில்தான் இந்த மாதிரி இடங்கள் அதிகமாகத் தொலைகின்றன. பழைய ஆபீஸ் அலமாரியில் இருந்த வரைபடம் புது ஆபீஸுக்கு வந்து சேர்ந்ததா என்று யார் பார்த்தார்கள்? நம் பக்கமும் ஒரு நாள் மாநகராட்சிக்குள் போகத்தான் போகிறது. அதற்குள் நம் காகிதம் நம் கையில் இருக்க வேண்டும்.

நீதிமன்றம் இதில் மக்கள் பக்கம் நின்றிருக்கிறது. பெங்களூரில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தைத் தனியார் நர்சிங் ஹோம் கட்டக் கொடுத்தார்கள். அக்கம்பக்கத்தில் குடியிருந்தவர்கள் வழக்குப் போட்டார்கள். அது செல்லாது என்று 1991-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஆஸ்பத்திரி நல்ல காரியம்தானே என்ற வாதம் அங்கே எடுபடவில்லை. நம் ஊரில் கோயில் என்பார்கள், நூலகம் என்பார்கள், சங்கக் கட்டடம் என்பார்கள். கோயிலுக்கு நானும் போகிறவன்தான். ஆனால் குழந்தைகள் ஓடியாட வேண்டிய இடத்தில் முதல் செங்கல்லை யார் வைத்தாலும், இரண்டாவது செங்கல்லை வேறு ஒருவர் வைப்பார்.

அப்ரூவல் இல்லாத சைட்டில் வீடு கட்டியவர்களும் இங்கே இருக்கிறீர்கள். உங்களை யாரும் குற்றவாளி போல நடத்தக்கூடாது. பஞ்சாயத்துத் தலைவர் சீல் வைத்த வரைபடத்தைக் காட்டி, 'பஞ்சாயத்து அப்ரூவல்' என்று சொல்லித்தான் விற்றார்கள். மனைப்பிரிவுக்கு அனுமதி தருவது நகர் ஊரமைப்பு இயக்ககம் என்பது மில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவருக்கு எப்படித் தெரியும்? 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியக்கூடாது என்று சொன்னதும், மகள் கல்யாணத்துக்கு விற்க வைத்திருந்த சைட்டை விற்க முடியாமல் எத்தனை குடும்பம் தவித்தது! அப்புறம் 2017-ல் வரன்முறை விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20-க்கு முன்னால் பதிவான மனைகளுக்குக் கட்டணம் கட்டி ஒழுங்குபடுத்திக்கொள்ள வழி கிடைத்தது. அது நல்லதுதான். ஆனால் கட்டணம் கட்டியதால் காகிதம் சரியானதே தவிர, 16 அடி ரோடு 30 அடி ஆகவில்லை. ஃபயர் வண்டி திரும்ப இடமில்லை. பூங்காவுக்கு ஓர் அடி மண்கூட வரவில்லை. அப்படிப்பட்ட இடங்களில் பொது நிலத்துக்காக அரசுதான் இடம் வாங்கித் தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இந்த மண் முன்னால் எப்படி இருந்தது என்று பெரியவர்களுக்குத் தெரியும். கிணற்றுப் பாசனம் இருந்தால் தோட்டம், மழையை நம்பினால் காடு. இடையில் கிளுவை வேலிக்கு நடுவே இட்டேரி என்கிற வண்டித்தடம். மழைக்காலத்தில் பள்ளத்தில், அதாவது ஓடையில், தண்ணீர் போகும். இன்றைக்கு இட்டேரிதான் நம் மெயின் ரோடு. பள்ளம் எங்கே? சங்கனூர்ப் பள்ளத்தின் கரையில் இருக்கிறவர்களைக் கேளுங்கள், கௌசிகா நதித் தடத்தில் சைட் வாங்கியவர்களைக் கேளுங்கள். ஐப்பசி மழைக்குத் தண்ணீர் தன் வழியைத் தேடி வரும்போது நம் பத்திரத்தின் நாலு எல்லையைப் பார்ப்பதில்லை. கிராமத்து நில விவரப் பதிவேடான அ-பதிவேட்டில் ஓடைப் புறம்போக்கு என்று தனி எண்ணோடு அந்த வழி இருக்கிறது. சர்வே வரைபடமான புலப்படத்தில் கோடு போட்டிருக்கிறது. வாங்கும் முன் அந்த இரண்டையும் பார்க்காமல், சைட் காட்ட வந்தவரின் பேச்சை மட்டும் நம்பிவிடுகிறோம்.

ஒரு விஷயத்தை மனம் கனத்துத்தான் சொல்கிறேன். 2019 டிசம்பர் 2 விடியலில், மேட்டுப்பாளையம் நடூரில், மழையில் ஊறிய ஒரு பெரிய சுற்றுச்சுவர் அருகிலிருந்த அருந்ததியர் குடியிருப்பின் மேல் விழுந்து 17 பேர் இறந்தார்கள். சுவர் ஒருவருடைய எல்லைக்குள் இருந்தது. உயிர் போனது வெளியே இருந்தவர்களுக்கு. என் இடம், என் சுவர், என் இஷ்டம் என்று பேசுகிற யாரும் நடூரை மறக்கக்கூடாது. இப்போது நம் பக்கம் வருகிற கேட் போட்ட குடியிருப்புகள், பொது ரோட்டுக்கே குறுக்கே சுவர் எழுப்புகின்றன. அதைப் பாதுகாப்பு என்று ஏற்றுக்கொள்ள என்னால் முடியாது.

நம் சங்கத்திலும் ஒரு குறை இருக்கிறது. பத்திரம் வைத்திருப்பவருக்குத்தான் உறுப்பினர் அட்டை. லைன் வீட்டில் வாடகைக்கு இருக்கும் பனியன் கம்பெனித் தொழிலாளியும், ஃபவுண்டரியில் வேலை செய்யும் வடநாட்டுத் தம்பியும் நம் கணக்கில் இல்லை. ஆனால் குடம் வைத்துக்கொண்டு தண்ணீருக்குக் காத்திருப்பது அவர்கள். வீட்டுக்குள் விளையாட இடமில்லாத குழந்தைகள் அவர்களுடையவை. ரிசர்வ் சைட் யாருக்கு அவசியமோ, அவர்களை வெளியே நிறுத்திவிட்டு அதை எப்படிக் காப்பாற்றப் போகிறோம்?

சரி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். முதலில் அங்கீகரித்த லே-அவுட் வரைபடத்தின் நகல் வேண்டும். தரவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டப்படி கேளுங்கள். அதோடு, ரிசர்வ் சைட்டின் சர்வே எண்ணுக்கு வில்லங்கச் சான்று போடுங்கள். நம் இடத்துக்குத்தான் போட வேண்டும் என்று விதி இல்லை, யாரும் எந்த எண்ணுக்கும் போடலாம். தானப் பத்திரம் பதிவாகியிருக்கிறதா, பட்டா இன்னும் தனியார் பெயரில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பட்டாவை உள்ளாட்சி பெயருக்கு மாற்றச் சொல்லி வட்டாட்சியருக்கு மனு கொடுங்கள். சார்பதிவாளருக்கும் ஒரு நகல் போகட்டும். வேலி போட, பெயர்ப் பலகை வைக்க ஊராட்சியைக் கேளுங்கள்.

வரும் அக்டோபர் 2 அன்று கிராம சபை. அங்கே பேச, கைதூக்க வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும், பத்திரம் தேவையில்லை. தீர்மானத்தின் வாசகம் தயாராக இருக்கிறது. சர்வே எண்ணோடு எழுதியிருக்கிறோம். மனுவுக்கான கையெழுத்துத் தாள் அந்த மேசையில் இருக்கிறது. லைன் வீட்டுக்காரர்கள் இன்று வரவில்லை, ஞாயிற்றுக்கிழமை காலையில் தாளை எடுத்துக்கொண்டு நாம் அவர்கள் வாசலுக்குப் போவோம். கூட வருகிறவர்கள் பெயர் கொடுங்கள்.