ஆபரேஷனுக்குப் பிறகு வரும் காய்ச்சலும் தேவையற்ற பத்தியமும்

வணக்கம். வேலூரிலிருந்து பேசுகிறேன். இங்கே காந்தி சாலையை ஒட்டிய லாட்ஜுகளில், அறுவை சிகிச்சை முடிந்து தையல் பிரிக்கும் நாளுக்காகக் காத்திருக்கும் வெளியூர்க்காரர்கள் எப்போதும் இருப்பார்கள். "ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததே, பிறகு ஏன் காய்ச்சல்?" என்பதுதான் அவர்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி.

வெட்டியது மருத்துவரா, விபத்தா என்பது உடலுக்குத் தெரியாது. சிதைந்த திசுக்களிலிருந்து வெளியேறும் பொருள்களை உணர்ந்ததும் வெள்ளையணுக்கள் காயத்தை நோக்கி விரைகின்றன; சில மணி நேரத்திலேயே ரத்தத்தில் இன்டர்லூகின்-6 என்னும் சமிக்ஞைப் புரதம் உயர, அதன் தூண்டுதலால் கல்லீரல் சுரக்கும் சிஆர்பி என்னும் புரதம் 2 அல்லது 3ஆம் நாளில் உச்சத்தை அடைகிறது. ஆகவே முதல் இரண்டு நாள்களில் வரும் லேசான காய்ச்சலுக்குப் பெரும்பாலும் கிருமி காரணமல்ல. அதன் பிறகு இறங்க வேண்டிய சிஆர்பி மீண்டும் ஏறினாலோ, குளிர்நடுக்கமோ சீழோ கண்டாலோதான் மருத்துவர் தொற்றைத் தேடத் தொடங்குவார்.

இதற்கு மறுபக்கம் ஒன்று உண்டு. அதைப் பற்றித்தான் நாம் அதிகம் பேசுவதில்லை. காயத்தின் அருகே இவ்வளவு பரபரப்பு நடக்கும்போதே, நெருக்கடி ஹார்மோன்களான கார்டிசாலும் அட்ரினலினும் மிகுவதால் ரத்தத்தில் லிம்போசைட்டுகள் என்னும் நோயெதிர்ப்பு வெள்ளையணுக்கள் குறைகின்றன, அவற்றில் ஒரு வகையான, கிருமி தொற்றிய அணுக்களை அழிக்கும் இயற்கைக் கொல்லி அணுக்களின் வேகமும் தணிகிறது. நோயெதிர்ப்பின் இந்தத் தளர்ச்சி சில நாள்கள் நீடிக்கும். பெரிய அறுவை என்றால் வாரக்கணக்கிலும் நீடிக்கலாம். சிறு துளைகள் வழியே செய்யும் லேப்ராஸ்கோபியில் திசுச் சேதம் குறைவு என்பதால் பாதிப்பும் குறைவு. அறுவை அரங்கில் உடல் வெப்பம் 36 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போகாமல் காப்பதும், ரத்தச் சர்க்கரையை 180 மி.கி./டெ.லி.க்கு மேல் ஏறாமல் பார்த்துக்கொள்வதும் இதனால்தான். சர்க்கரை மிகுந்தால் கிருமிகளை விழுங்கும் நியூட்ரோபில்கள் சரிவரச் செயல்படுவதில்லை.

நம் வீடுகளிலோ, சீழ் வைக்கும் என்று பருப்பையும் முட்டையையும் மீனையும் விலக்கி, நோயாளிக்கு வெறும் ரசஞ்சோறு கொடுக்கிறோம். புண் ஆறவும் எதிர்ப்பணுக்கள் உருவாகவும் புரதம் வேண்டியிருக்கும் வேளையில் அதையே நிறுத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை. கத்தரிக்காயை வேண்டுமானால் விட்டுவிடுங்கள், இலவம்பாடி முள்ளுக்கத்தரியே ஆனாலும் அதனால் பெரிய நட்டமில்லை; முட்டையை மட்டும் நிறுத்தாதீர்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் புரதத்தின் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நலம் விசாரிக்க ஆம்பூரிலிருந்து பிரியாணிப் பொட்டலத்தோடு வரும் உறவினருக்குச் சளி, இருமல் இருந்தால், கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, வாசலிலேயே வைத்துப் பேசி அனுப்பிவிடுங்கள்.

ரத்தத்திலுள்ள கிருமிகளை வடிகட்டும் மண்ணீரலை அகற்றப்போகிறவர்களுக்கு இந்த நோயெதிர்ப்புத் தளர்ச்சி தற்காலிகமானதல்ல. நிமோனியாவையும் மூளைக்காய்ச்சலையும் உண்டாக்கும் சில பாக்டீரியாக்களால் அவர்களுக்கு ஆயுள் முழுதும் ஆபத்து உண்டு. அதனால் முன்கூட்டியே திட்டமிட்ட அறுவை என்றால், குறைந்தது 2 வாரங்களுக்கு முன்பே அதற்கான தடுப்பூசிகளைப் போட்டுக்கொள்ள வேண்டும். தேதி குறிக்கும் அன்றே மருத்துவரிடம் இதைக் கேட்டுவிடுங்கள்.