குழாய்க்குள் மீண்டும் பிறக்கும் நஞ்சு

வணக்கம் நேயர்களே. கழிவுநீரைச் சுத்திகரித்துக் குடிநீராக்குவது புதிய வேலை இல்லை, நமீபியாவின் வின்ட்ஹுக் நகரம் 1968 முதலே செய்துவருகிறது. கிருமி போய்விடுமா என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். போய்விடும். கிருமியைக் கொல்லும்போதே தண்ணீரில் புதிதாகப் பிறக்கிற பொருள்களைப் பற்றித்தான் பேச வந்தேன்.

குளோரின் நீரிலுள்ள கரிமப் பொருள்களோடு சேர்ந்தால் குளோரோஃபார்ம் வகையறா உண்டாகும், புரோமைடு உள்ள நீரில் ஓசோனை விட்டால் புரோமேட் வரும். சரி, இவற்றை அளந்து பழகிவிட்டோம். எனக்குக் கவலை என்.டி.எம்.ஏ. (நைட்ரோசோடைமெத்திலமீன்) என்ற வேதிப்பொருள் மேல்தான். நீரை வடிகட்டும் ஆர்.ஓ. சவ்வில் நுண்ணுயிர்கள் படியாமல் இருக்கக் குளோரமின் (குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த கிருமிநாசினி) கலப்பார்கள், அது கழிவுநீரில் இருக்கும் சில அமீன்களோடு, அதாவது நைட்ரஜன் உள்ள கரிமப் பொருள்களோடு, வினைபுரிந்து இதை உண்டாக்குகிறது. புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்பதால் உலக சுகாதார நிறுவனம் லிட்டருக்கு 100 நானோகிராம் என்று வரம்பு வைத்திருக்கிறது, அதாவது ஒரு கிராமில் கோடியில் ஒரு பங்கு. மின்னூட்டம் இல்லாத மிகச் சின்ன மூலக்கூறு, அதனால் உப்பையே தடுக்கிற சவ்வைத் தாண்டியும் ஒரு பகுதி போய்விடும். அப்புறம் புற ஊதா ஒளியைப் பாய்ச்சி உடைக்கிறார்கள்.

அதோடு முடிவதில்லை. உடையாமல் தப்பிய அமீன்களும் மிச்சமிருக்கும் குளோரமினும் குழாய்க்குள் நாள்கணக்கில் ஒன்றாகப் பயணம் செய்தால் என்.டி.எம்.ஏ. மறுபடி உருவாகும். நிலையத்தின் வாசலில் எடுத்த மாதிரி சுத்தமாக இருக்கும், கடைசி வீட்டுத் தண்ணீரில் அளவு கூடியிருக்கும். வாசலில் மட்டும் சோதித்துவிட்டு நல்ல தண்ணீர் என்று அறிவிப்பதை என்னால் ஏற்க முடியாது.

இன்னொன்று, மாதிரி எடுக்கும் பாட்டில். இதைச் சின்ன விஷயம் என்று தயவுசெய்து நினைக்காதீர்கள். மிச்சக் குளோரினை அப்போதே முறிக்காவிட்டால் வினை பாட்டிலுக்குள்ளும் தொடரும், வெயில் பட்டாலோ இருக்கிற என்.டி.எம்.ஏ.வும் சிதைந்துவிடும். இரண்டிலுமே ஆய்வகம் தரும் எண் பொய்தான்.

ஆய்வக முடிவு வர நாளாகும், மக்கள் அதுவரை குடிக்காமல் காத்திருக்க மாட்டார்கள். அதனால் மொத்தக் கரிம அளவையும் நீரின் மின்கடத்துத்திறனையும் புற ஊதா விளக்கின் திறனையும் கருவிகள் இடைவிடாமல் பார்க்கின்றன. இவை என்.டி.எம்.ஏ.வை அளப்பதில்லை, ஆனால் எந்தத் தடுப்பு தளர்கிறது என்று உடனே காட்டிக்கொடுக்கும்.

இதைக் கேட்டுவிட்டுக் குளோரினைக் குறைத்துவிடலாம் என்று மட்டும் யாரும் கிளம்பிவிடக் கூடாது. காலரா அன்றைக்கே கொல்லும். குறைக்க வேண்டியது அமீன்களையும் கரிமப் பொருள்களையும், அதுவும் கிருமிநாசினி தண்ணீரில் விழுவதற்கு முன்பே.