யாருடைய பிள்ளை நீ?

(ஒரு நூலகக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையில் இருக்கும் பெரியவர்களுக்கும் இளைஞர்களுக்கும் என் வணக்கம்.

என் வயதுக்காரர்கள் பலர் ரஷ்யாவைக் கண்டது புத்தகத்தில்தான். மாஸ்கோவில் தமிழிலேயே அச்சாகிக் கப்பலேறி, நியூ செஞ்சுரி புத்தக நிறுவனத்தின் கடைகளுக்கு வந்து, சில ரூபாய்க்குக் கையில் கிடைத்த கெட்டி அட்டைப் புத்தகங்கள் அவை. கதைக்குள் நுழைவதற்கு முன்பே பெயர்கள் எங்களை வாசலில் நிறுத்திவிடும். ஒரே ஆளுக்குச் சொந்தப் பெயர் ஒன்று, தகப்பன் பெயர் ஒன்று, குடும்பப் பெயர் ஒன்று. போதாததற்குச் செல்லப் பெயர்கள் வேறு. கடைசி வெற்றுப் பக்கத்தில் பென்சிலால் ஒரு பட்டியல் எழுதி வைத்துக்கொண்டுதான் நான் படிப்பேன். அந்தப் பட்டியலின் வலது ஓரத்தில் திரும்பத் திரும்ப அதே ஓசைகள் வரும்: ஓவ், யேவ், இன், ஸ்கி.

ஷிவாகோ அந்தப் பட்டியலில் ஏறவே இல்லை. பஸ்தர்நாக்கின் "டாக்டர் ஷிவாகோ" நாவல் 1957இல் இத்தாலியில் முதலில் வெளிவந்தது. மறு ஆண்டு அவருக்கு நோபல் பரிசு அறிவிக்கப்பட்டு, அதை அவர் மறுக்க நேர்ந்தது. 1988 வரை சொந்த நாட்டில் அச்சேறாத புத்தகம், மாஸ்கோக் கப்பலில் எப்படி வரும்? வேறு வழியாக அந்தப் பெயர் காதில் விழுந்தபோது, இது ரஷ்யப் பெயர்தானா என்ற சந்தேகம் எனக்கு வந்தது. இத்தாலியப் பெயர் போல ஒலித்தது. பிறகுதான் தெரிந்தது, ரஷ்ய மொழியின் மிகப் பழைய எலும்பு ஒன்று அந்தப் பெயருக்குள் கிடக்கிறது என்று. அதைப் பற்றியும், அதன் உடன்பிறப்புகள் என்று சொல்லத்தக்க துர்னவோ, ஹித்ரவோ, மெர்த்வாகோ, வெசெலாகோ ஆகிய அரிய பெயர்களைப் பற்றியும் பேசத்தான் இன்று வந்திருக்கிறேன்.

நம் ஊரில் தெருவில் விளையாடும் பையனைப் பார்த்துப் பெரியவர்கள் கேட்பார்கள், "யார் வீட்டுப் பிள்ளைடா நீ?" என்று. ரஷ்யக் கிராமத்திலும் அதே கேள்விதான்: "யாருடையவன் நீ?" ரஷ்யக் குடும்பப் பெயர்களில் மிகப் பெரும் பகுதி இந்தக் கேள்விக்குச் சொன்ன பதில். தகப்பன் பெயர் இவான் என்றால் பிள்ளை இவானவ், அதாவது இவானுடையவன். பெத்ர் மகன் பெத்ரோவ். கொல்லன் மகன் குஸ்னெத்ஸோவ்.

தகப்பனை ஊர் பெயர் சொல்லி அழைக்காமல், பட்டப்பெயர் வைத்து அழைத்திருந்தால்? அந்தப் பட்டப்பெயரும் பெயரடையாக, "கெட்டவன்", "தந்திரக்காரன்", "உயிருள்ளவன்" என்ற வகையில் இருந்தால்? அந்தச் சொற்களோடு "ஓவ்" எளிதில் ஒட்டுவதில்லை. அப்போது மொழி தன் ஆறாம் வேற்றுமையை எடுத்துக் கொடுத்தது. துர்னோய் என்றால் கெட்டவன், அழகில்லாதவன். அவனுடைய மகன் துர்னவோ. ஹீத்ரி என்றால் தந்திரக்காரன். அவன் மகன் ஹித்ரவோ. வெஸ்யோலி என்றால் மகிழ்ச்சியானவன். அவன் மகன் வெசெலாகோ. மெர்த்வி, செத்தவன், ஷிவோய், உயிரோடிருப்பவன். இவர்களுடைய பிள்ளைகள் மெர்த்வாகோ, ஷிவாகோ. தமிழில் சொன்னால், "நல்லவனுடைய" என்பதே ஒருவருக்குக் குடும்பப் பெயராக நின்றுவிட்டது போல. மகன் என்ற சொல் உதிர்ந்துவிட்டது. உருபு மட்டும் ஒட்டிக்கொண்டு நிற்கிறது.

சிலவற்றில் "வோ" என்றும் சிலவற்றில் "கோ" என்றும் முடிகிறதே என்று நீங்கள் கேட்கலாம். இரண்டும் ஒரே உருபுதான். இந்த இடம் எனக்கு மிகவும் பிடித்த இடம் என்பதால் சற்று நின்று பேசுகிறேன். அந்த ஆறாம் வேற்றுமை முடிவை மாஸ்கோ வட்டாரத்து மக்கள் பல நூற்றாண்டுகளாக "வோ" என்றுதான் உச்சரித்து வருகிறார்கள். எழுதும்போது மட்டும் "கோ". தேவாலயத்தில் வழங்கிய பழைய சர்ச் ஸ்லாவிய மொழியில் அது "ஆகோ". எந்த எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதினாரோ, அவர் கையில் துர்னவோவும் ஹித்ரவோவும் பிறந்தன. எவர் வேதப் புத்தகத்தில் பார்த்துப் பழகியபடி எழுதினாரோ, அவர் கையில் ஷிவாகோவும் மெர்த்வாகோவும் பிறந்தன. காது எழுதிய பெயர் ஒன்று, கண் எழுதிய பெயர் ஒன்று. இன்றைய ரஷ்யர் "உயிருள்ளவனுடைய" என்று சாதாரணமாகச் சொல்லும்போது அது "ஷிவோவோ" என்று ஒலிக்கும். குடும்பப் பெயரில் மட்டும் ககரம் ககரமாகவே நிற்கிறது.

1918ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தம் வந்தபோது "ஆகோ" என்ற எழுத்து முடிவு பள்ளிப் புத்தகங்களிலிருந்தும் செய்தித்தாள்களிலிருந்தும் நீக்கப்பட்டது. "ஓகோ" என்று எழுதும்படி ஆயிற்று. ஆனால் மனிதரின் பெயரைத் திருத்த யாரும் வரவில்லை. அதனால் ஒரு நாட்டின் எழுத்திலிருந்தே அகன்றுபோன உருபு, வழிபாட்டு நூல்களிலும் இந்தச் சில குடும்பங்களின் கையெழுத்திலும் மட்டும் தங்கிவிட்டது.

சரி, இவை ஏன் இவ்வளவு அரியவை? இவானவ் என்ற பெயர் ஆயிரம் கிராமங்களில் ஆயிரம் இவான்களிடமிருந்து தனித்தனியே முளைத்தது. இரண்டு இவானவ்கள் சந்தித்தால் அவர்கள் உறவினர்களாக இருக்கத் தேவையே இல்லை. துர்னவோ அப்படிப்பட்ட பெயரல்ல. அந்தக் குடும்பத்தின் வம்சாவளி வசீலி யூரியெவிச் தல்ஸ்தோய் என்ற ஒரே மனிதரிடம் போய் நிற்கிறது. அவருக்குப் பட்டப்பெயர் துர்னோய். இலக்கியத்தில் நாம் அறிந்த தல்ஸ்தோய்களின் அதே வம்சம். தல்ஸ்தோய் என்றால் தடித்தவர். அந்தக் கிளை தன் பட்டப்பெயரை எழுவாய் வடிவிலேயே வைத்துக்கொண்டது. இந்தக் கிளை "கெட்டவனுடைய" என்ற வேற்றுமை வடிவை ஏற்றுக்கொண்டது. ஒரே மரத்தில் இரண்டு இலக்கணம். பரவலான குடும்பப் பெயர் ஒரு சமூகத்தின் பழக்கத்தைக் காட்டும். அரிய குடும்பப் பெயர் ஒரு மனிதனைக் காட்டும். யாரோ ஓர் அண்டை வீட்டுக்காரர் ஒரு நாள் வாய்க்கு வந்தபடி அவனைக் கூப்பிட்டார். அந்தக் குரல் இன்றும் கேட்கிறது.

தாங்களாகவே மாறிப்போன பெயர்களும் உண்டு. "ஓவ்" என்ற வாய்ப்பாடு அவ்வளவு வலுவானது, அருகில் வருவதையெல்லாம் தன்போலாக்கிவிடும். மாஸ்கோவில் 1812 தீ விபத்தில் எரிந்து கிடந்த இடத்தில் நிக்கலாய் ஹித்ரவோ என்ற தளபதி 1820களில் ஒரு சந்தைக்கு இடம் ஒழுங்கு செய்து கொடுத்தார். பின்னாளில் கூலிக்காரர்களும் நாடோடிகளும் திருடர்களும் குவிந்து, நாடெங்கும் பேர்போன சேரியாக அது ஆனது. கோர்க்கியின் "அடித்தளத்தில்" நாடகத்தை 1902இல் மேடையேற்றுவதற்கு முன் மாஸ்கோ கலையரங்கத்தின் நடிகர்கள் நேரில் போய்ப் பார்த்த இடம் அதுதான். அந்த இடத்தை மக்கள் "ஹித்ரவோ சந்தை" என்று அழைக்கவில்லை. "ஹித்ரவ் சந்தை" என்றே அழைத்தார்கள். தளபதியின் பழம்பெயரைச் சந்தைக்கு வந்தவர்களின் நாக்கு தேய்த்துச் சீராக்கிவிட்டது.

அந்த ஹித்ரவோ குடும்பத்தின் மூதாதை தங்கக் கூடாரம் எனப்பட்ட மங்கோலிய ஆட்சியிலிருந்து ரியாசான் இளவரசனிடம் வந்து சேர்ந்த எது-ஹான் என்பவர் என்று குடும்பக் கதை சொல்லும். பிரபுக் குடும்பங்கள் வெளிநாட்டு மூதாதையரைத் தேடிக்கொள்வது அந்தக் காலத்து வழக்கம் என்பதால் நான் அதை அப்படியே ஏற்பதில்லை. ஆனால் பக்தான் ஹித்ரவோ ஆவணங்களில் உறுதியாக நிற்பவர். 1648இல் வோல்கா நதிக் கரையில் சிம்பீர்ஸ்க் கோட்டையை நிறுவியவர் அவர். இருநூறு ஆண்டுகளுக்கு மேல் கழித்து லெனின் பிறந்த ஊர் அது.

இதே ஆறாம் வேற்றுமையின் பன்மை வடிவமும் குடும்பப் பெயராக இருக்கிறது. செர்னீஹ், "கறுப்பர்களுடைய" ஆள்; தோல்கிஹ், "நெட்டையர்களுடைய" ஆள்; செதீஹ், "நரைத்தவர்களுடைய" ஆள். சுத்தி எறிதலில் 1986இல் 86.74 மீட்டர் எறிந்து உலகச் சாதனை படைத்த யூரி செதீஹ் நினைவுக்கு வரலாம். இந்தப் பெயர்கள் வடக்கிலும் சைபீரியாவிலும் குடியானவர்களிடையே செழித்துப் பரவின. அதே இலக்கணம், ஒருமையில் சில பிரபுக் குடும்பங்களோடும் வணிகக் குடும்பங்களோடும் குறுகி நின்றது. பன்மையில் ஊர் ஊராக வளர்ந்தது. 1861இல் பண்ணையடிமை முறை ஒழிந்து இலட்சக்கணக்கானவர்கள் குடும்பப் பெயர் பெற்ற காலத்தில் ஒருமை வடிவம் புதிதாகப் பெயர் பெற்றெடுக்கும் வலுவை இழந்திருந்தது என்பது என் கணிப்பு.

பெயரின் பொருள் நல்லதாக இல்லை என்று இவர்கள் யாரும் அதைக் கைவிடவில்லை என்பது எனக்கு வியப்பாகவே இருக்கிறது. நம் வீடுகளில் முந்தைய பிள்ளைகள் தங்காமல் போனால் அடுத்த பிள்ளைக்குக் குப்பன், பிச்சை என்று பெயர் வைத்தது போல, பழைய ரஷ்யாவிலும் நெக்ராஸ், அதாவது அழகற்றவன் என்று பெயரிட்டுக் கெட்ட பார்வையிலிருந்து பிள்ளையை மறைத்தார்கள். அதிலிருந்து வந்ததுதான் நெக்ராசவ். இழிவான பெயர் காப்பாக இருந்த காலம் அது. மெர்த்வாகோ என்ற "செத்தவனுடைய" பெயரோடு ஒருவர் செனட் உறுப்பினர் வரை உயர்ந்தார். திமீத்ரி மெர்த்வாகோ 1760இல் பிறந்தவர். புகச்சோவ் தலைமையில் ஜார் ஆட்சிக்கு எதிராக எழுந்த கிளர்ச்சியில் தகப்பனை இழந்தபோது அவருக்கு வயது 14. அந்த நாட்களை அவர் நினைவுக் குறிப்பாக எழுதி வைத்தார். எழுத்தாளர் அக்சாகவுக்கு ஞானத்தந்தையும் அவரே.

வெசெலாகோவைப் பற்றி ஒரு சொல். விக்தர் வெசெலாகோ என்ற சோவியத் இயற்பியலாளர் 1967இல் ஒரு கட்டுரை எழுதினார். ஒளி வழக்கமான பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக வளையும் ஒரு பொருள் இருந்தால் என்ன நடக்கும் என்று கணக்கிட்டுக் காட்டினார். இயற்கையில் அப்படிப்பட்ட பொருள் கையில் இல்லாததால் கட்டுரை நெடுநாள் உறங்கியது. 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சான் டியாகோவில் நுண்ணலைகளுக்கு அப்படி ஒரு செயற்கைப் பொருளைச் செய்துவிட்டார்கள். இன்று "வெசெலாகோ வில்லை" (லென்ஸ்) என்பது இயற்பியலில் நிலைத்த பெயர். மகிழ்ச்சிக்காரனுடைய வில்லை!

துர்னவோக்களில் இருவரை நான் சேர்த்தே நினைப்பேன். ஒருவர் பியோத்தர் துர்னவோ, ஜார் ஆட்சியின் உள்துறை அமைச்சராக இருந்தவர். ஜெர்மனியோடு போர் வேண்டாம், தோற்றால் புரட்சி நிச்சயம் என்று 1914 பிப்ரவரியில் ஜாருக்கு மனு எழுதியவர். இன்னொருவர் நிக்கலாய் துர்னவோ, மொழியியலாளர். 1915இல் வெளிவந்த ரஷ்ய வட்டார வழக்கு வரைபடத்தை உருவாக்கிய மூவரில் ஒருவர். ரஷ்ய மொழி எப்படி மாறி வந்தது, பழைய முடிவுகள் எங்கே நிலைத்தன, எங்கே உதிர்ந்தன என்று வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்தவர். அவர் கையெழுத்திடும் ஒவ்வொரு தடவையும் அந்த ஆராய்ச்சிக்கான ஒரு சான்று காகிதத்தில் விழுந்திருக்கும். ஸ்லாவிய ஆய்வாளர்கள் மேல் பொய்யாகப் புனைந்த வழக்கில் கைதாகி, சலோவ்கித் தீவு முகாமுக்கு அனுப்பப்பட்டு, 1937இல் சுட்டுக் கொல்லப்பட்டார். இதைச் சொல்லாமல் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை.

இனி ஷிவாகோவுக்கு வருகிறேன். நாவலுக்கு முன்பே அந்தப் பெயர் ரஷ்யாவில் இருந்தது. ரியாசான் நகரத்தில் செர்கேய் ஷிவாகோ என்ற வணிகரின் பெயரில் வங்கியே இருந்தது. மாஸ்கோவில் அலெக்சாந்தர் ஷிவாகோ என்று ஒரு மருத்துவர் இருந்தார். எகிப்தியத் தொல்பொருள்களில் தோய்ந்தவர், 1940இல் காலமானார். தேவாலயத்துக்குப் போகிற ஒவ்வொரு ரஷ்யருக்கும் இந்தச் சொல் பழக்கமானதுதான்: "நீர் ஜீவனுள்ள தேவனுடைய குமாரன்" என்று பேதுரு இயேசுவிடம் சொல்லும் வசனத்தில் வரும் "ஜீவனுள்ள" என்பது சர்ச் ஸ்லாவியத்தில் ஷிவாகோ.

இந்தப் பெயர்களுக்கு இன்னொரு குணம் உண்டு. இவானவின் மனைவி இவானவா. ஆண், பெண் வேறுபாடு பெயரிலேயே தெரியும். ஷிவாகோவின் மனைவியும் ஷிவாகோதான். ஏற்கெனவே வேற்றுமை ஏற்ற சொல் என்பதால் அது மேலும் அசையாது. அதோடு, ரஷ்ய மொழியில் உயிருள்ள ஆண்பால் சொல்லுக்கு "உடைய" என்பதற்கும் "ஐ" என்பதற்கும் ஒரே வடிவம்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு நாவலின் முதல் பக்கத்தைத் திறந்து பாருங்கள். இறுதி ஊர்வலம் ஒன்று பாடிக்கொண்டே போகிறது. வழியில் நிற்பவர்கள் கேட்கிறார்கள், யாரை அடக்கம் செய்கிறார்கள் என்று. ஷிவாகோ என்று பதில் வருகிறது. குடும்பப் பெயரைச் சொல்கிறார்கள். ரஷ்யக் காதில் "உயிரோடிருப்பவனை" என்றும் விழுகிறது. அப்படியா, புரிகிறது என்கிறார் கேட்டவர். அவரை இல்லை, அந்த அம்மாவை என்று திருத்துகிறார் மற்றவர். பெயரில் ஆண், பெண் தெரிந்திருந்தால் அந்தத் திருத்தத்துக்கே வேலை இல்லை. பிறகு கல்லறைக்குழி மூடப்படுகிறது. மண் மேடாகக் குவிகிறது. அதன் மேல் பத்து வயதுப் பையன் ஒருவன் ஏறி நிற்கிறான். அங்கே கூடியிருந்தவர்களில் யாருக்கும் அவனைப் பார்த்து, யாருடைய பிள்ளை நீ என்று கேட்கத் தேவையிருக்கவில்லை.