கண் பார்த்தால் கை செய்யும்
(கனடாவின் வினிபெக் நகரில் நம் தமிழ்ப் பள்ளி ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

விழாத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, கடும் பனியிலும் மண்டபத்தைத் திறந்து வைத்துக் காத்திருந்த பொறுப்பாளர்களே, விடியுமுன் எழுந்து நம் அனைவருக்கும் பொங்கல் சமைத்துக் கொண்டுவந்த தாய்மார்களே, குழந்தைகளே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம். இருமுறை நேரில் வந்து என்னை அழைத்த தலைமையாசிரியை அம்மையார் அவர்களுக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும்.

நம் நகரை ஒரே நாளில் சுற்றிப் பார்ப்பவர்களுக்காக ஆறு, கல், கலை ஆகிய மூன்றைப் பற்றியும் பேசுவதாக ஒப்புக்கொண்டிருந்தேன். ரெட் ஆறும் அசினிபாயின் ஆறும் கலக்கும் ஃபோர்க்ஸ் என்னும் கூடுதுறையில் 6,000 ஆண்டுகளாக மக்கள் கூடி வந்திருக்கிறார்கள். காலையை அங்கே தொடங்கி, நடைப்பாலத்தைக் கடந்து செயின்ட் போனிஃபஸ் பக்கம் போனால், 1968இல் தீக்கிரையான பேராலயத்தின் கல் முகப்பையும், பூர்வகுடியினரும் ஐரோப்பியரும் கலந்த வழிவந்த மெட்டி மக்களின் தலைவர் லூயி ரியேலின் கல்லறையையும் காணலாம்.

கண் பார்த்தால் கை செய்யும் என்பார்கள் நம் முன்னோர். சென்ற கோடையில் என் பேத்தியை வினிபெக் கலைக்கூடத்துக்கு அழைத்துச் சென்றேன். கப்பலின் முன்முனை போல நிற்கும் அந்த 1971ஆம் ஆண்டுக் கட்டடத்தின் வெளிச்சுவர் முழுவதும் நம் மாநிலமான மனிடோபாவிலேயே வெட்டியெடுத்த டின்டல் என்னும் சுண்ணாம்புக் கல். நம் சட்டமன்றக் கட்டடமும் அதே கல்தான். வாசலுக்கு வந்தவள் உள்ளே நுழையாமல், "தாத்தா, சுவருக்குள்ளே நத்தை இருக்கு" என்று கூவினாள். இங்கே வெதுவெதுப்பான கடல் இருந்த காலத்தில், ஏறத்தாழ 45 கோடி ஆண்டுகளுக்கு முன், வாழ்ந்த உயிரின் படிமம் அது. என் சட்டைப்பையிலிருந்த ரசீதைச் சுவரில் வைத்துப் பென்சிலால் மெல்லத் தேய்க்கச் சொன்னேன். சுருள் சுருளாக அந்த உருவம் தாளில் எழுந்தது. அரை மணி நேரம் அந்தச் சுவரை விட்டு அவள் நகரவில்லை. வழிப்போக்கர் இருவர் தங்களிடமிருந்த தாள்களையும் அவளுக்குக் கொடுத்துவிட்டு நின்று பார்த்தார்கள்.

பிறகு, 2021இல் திறக்கப்பட்ட கௌமாயுக் என்னும், வடதுருவப் பகுதிப் பூர்வகுடிகளான இன்யுவிட் மக்களின் கலை மையத்துக்குள் சென்றோம். அம்மக்களின் மொழியில் அப்பெயருக்கு 'ஒளியுடன் இருக்கிறது' என்று பொருள். மற்ற இடங்களில் பூட்டிய அறையில் கிடக்கும் சேமிப்பு, இங்கே மூன்று தள உயரக் கண்ணாடிப் பெட்டகத்தில் எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது. நம் ஊரில் கல்சட்டி கடையும் மாக்கல்லைப் போன்ற மென்கல்லில் செதுக்கிய கரடிகளும், கடல்நாய்களும், பிள்ளையைச் சுமக்கும் தாய்களும் ஆயிரக்கணக்கில் அடுக்கியிருந்தன. அன்றிரவே குளியல் சோப்புக் கட்டியில் என் பேத்தி ஒரு கரடியைச் செதுக்கினாள். கண் பார்த்தால் கை செய்யும் என்பதை என் வீட்டிலேயே கண்டேன்.

ஆகவே, நெடுநாளாக நான் வற்புறுத்தி வருவதை இம்மேடையிலும் கேட்கிறேன். மாதத்தில் ஒரு ஞாயிறு நம் பள்ளியின் வகுப்பை அந்தக் கண்ணாடிப் பெட்டகத்தின் முன் நடத்துவோம். பிள்ளைகள் பார்த்ததை வரையட்டும். வரைந்ததைத் தமிழில் சொல்லட்டும். வண்டி ஓட்ட முன்வரும் பெற்றோர் இன்றே அம்மையாரிடம் பெயர் கொடுக்குமாறு வேண்டுகிறேன்; தாளும் பென்சிலும் நான் கொண்டுவருகிறேன்.

நன்றி, வணக்கம்.