கம்பி வளையத்துக்குள் ஒரு கோள்

அன்பார்ந்த நண்பர்களே,

லார்ஸ் வான் டிரையர் 2011-இல் எடுத்த 'மெலன்கோலியா' படத்தைப் பற்றிப் பேச்செடுத்தாலே ஒரு குறை வரும்: "படம் நகரவே மாட்டேங்குது." உண்மைதான். ஆனால் அந்த மெதுவுக்குள் ஒரு கணக்கு இருக்கிறது. மனச்சோர்வு நோய் உடம்பையும் நேரத்தையும் என்ன செய்கிறது என்பதை அந்த மெதுவால்தான் படம் காட்டுகிறது. அதைத்தான் இன்று விளக்கப் போகிறேன்.

படத்தின் முதல் எட்டு நிமிடங்கள் ஏறக்குறைய அசையாத ஓவியங்கள். பின்னணியில் வாக்னரின் 'டிரிஸ்டன் உண்ட் இசோல்டே' இசை நாடகத்தின் முன்னிசை. மணக்கோலத்தில் ஓட முயலும் நாயகி ஜஸ்டினின் காலைச் சாம்பல் நிற நூல்திரள் பிடித்து இழுக்கிறது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடும் அக்கா கிளேரின் கால்கள் புல்தரையில் புதைகின்றன. கடைசியில் மெலன்கோலியா என்ற பெரிய கோளோடு பூமி மோதி அழிகிறது. முடிவை முதலிலேயே சொல்லிவிட்டார். இனி "பிழைப்பார்களா?" என்று பதறுவதற்கு எதுவும் இல்லை, "எப்படி இருப்பார்கள்?" என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

இத்தகைய காட்சியை எடுப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. நொடிக்கு 1000 பிரேம் பிடித்து, 24 பிரேமாக ஓட்டினால் ஒரு நொடி ஏறத்தாழ 42 நொடியாக நீளும். அரை நொடி நடுக்கம்கூடத் திரையில் 20 நொடி நிற்கும். நடிப்பில் ஒளிக்க இடமே இல்லை. ஒவ்வொரு பிரேமுக்கும் கிடைக்கும் ஒளி, வழக்கமான படப்பிடிப்பில் கிடைப்பதில் நாற்பதில் ஒரு பங்காகக் குறையும். ஆகவே விளக்குகளைக் கூட்ட வேண்டும். அங்கேதான் பலர் சறுக்குவார்கள்: 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் எரியும் சில விளக்குகள் நொடிக்கு 100 முறை மங்கி மங்கி ஒளிரும். நம் கண்ணுக்கு அது தெரியாது. ஆனால் இந்த வேகத்தில் பத்து பிரேமுக்கு ஒரு துடிப்பாகப் பதிந்து, காட்சி முழுக்க மின்னி மின்னிப் பாழாகும்.

அதன்பின் வரும் திருமண இரவில் கேமரா தோளில் ஏறி ஆடத் தொடங்குகிறது. விருந்து, உரைகள், கசந்துபோன அம்மா, விளையாட்டுப் பேச்சு அப்பா, கல்யாண நாளிலும் விளம்பர வாசகம் கேட்டு நச்சரிக்கும் முதலாளி. எல்லோரும் ஜஸ்டினிடம் கேட்பது ஒன்றைத்தான்: சந்தோஷமாக இரு. அது அவளால் முடியவில்லை. இந்தப் பாதி கொஞ்சம் நீளம் என்பது என் கருத்து.

இரண்டாம் பாதியில் ஒரு குளியல் காட்சி. தொட்டியில் நீர் தயார். கிளேர் தங்கையைத் தாங்கிப் பிடித்திருக்கிறாள். செய்ய வேண்டியது ஒரு காலைத் தூக்கி விளிம்புக்கு மேல் வைப்பது மட்டும். ஜஸ்டினால் முடியவில்லை. மருத்துவத்தில் உடலியக்க மந்தம் என்பார்கள்: பேச்சு, நடை, கையசைவு எல்லாம் பிறர் கண்ணுக்கே தெரியும் அளவுக்குக் குறைந்துபோவது. வீட்டில் இருப்பவர்கள் இதைச் சோம்பல் என்று எடுத்துக்கொண்டு அதட்டுவதுதான் பெரும் தவறு. அடுத்து உணவு மேசை. அவளுக்குப் பிடித்த இறைச்சிப் பதார்த்தம். ஒரு வாய் வைத்ததும் சாம்பலாக ருசிக்கிறது என்று அழுகிறாள். பிடித்தவற்றில் இன்பம் அற்றுப்போவது இந்த நோயின் தலையாய அறிகுறிகளில் ஒன்று. ஜஸ்டினாக வரும் கிர்ஸ்டன் டன்ஸ்ட் இந்தக் காட்சிகளில் கண்ணீரைவிட உடம்பின் கனத்தைத்தான் நடித்திருக்கிறார். கான் திரைப்பட விழாவில் கிடைத்த சிறந்த நடிகை விருது அவருக்குத் தகும்.

இனி அந்தக் கம்பி வளையம். ஒரு குச்சி, அதன் முனையில் வளைத்த கம்பி. கிளேரின் மகன் லியோ செய்தது. குச்சியின் அடியை மார்பில் ஊன்றி, வளையத்தின் அளவைக் கோளுக்குச் சரியாகப் பொருத்த வேண்டும். ஐந்து நிமிடம் கழித்துத் திரும்பப் பார்த்தால், கோள் வளையத்துக்குள் சுருங்கியிருந்தால் விலகுகிறது. வெளியே பிதுங்கினால் நெருங்குகிறது. மார்பில் ஊன்றுவதற்குக் காரணம் உண்டு. கண்ணுக்கும் வளையத்துக்கும் உள்ள தூரம் மாறினால் அளவு பொய்யாகும். தொடுவானத்தருகே நிலா பெரிதாகத் தெரிகிற கண்மயக்கமும் வளையத்திடம் செல்லாது.

நெருங்கும் பொருளின் கணக்கு இது: தூரம் பாதியானால் தோற்றம் இருமடங்கு. ஒரே வேகத்தில் வந்தால், 10 நாள் தொலைவு 5 நாளாகக் குறையும்போதும் இருமடங்குதான், 2 மணி 1 மணியாகும்போதும் இருமடங்குதான். ஆகவே வெகுகாலம் ஒன்றும் நடக்காததுபோல் இருந்துவிட்டு, கடைசியில் பாய்ந்து பெருக்கும். கிளேரின் பீதி இந்தப் பெருக்கத்தோடு ஏறுகிறது. தொலைநோக்கியை நம்பிய கணவர் ஜான், கோள் விலகிப் போய்விடும் என்ற கணக்கு பொய்த்ததும் குடும்பத்தை விட்டுவிட்டுத் தன் உயிரை மாய்த்துக்கொள்கிறார். இவ்வளவு அருகில் ஒரு கோள் வந்தால் கடல் கொந்தளித்துக் கரைகள் மூழ்கியிருக்கும். படம் அதைத் தொடவே இல்லை. எனக்கு அதில் குறை இல்லை.

ஜஸ்டின் மட்டும் அமைதி அடைகிறாள். மனச்சோர்வு உள்ளவர்கள் எப்போதும் மோசமானதையே எதிர்பார்ப்பதால் பேரிடரில் பிறரைவிட நிதானமாக இருக்கக்கூடும் என்று தன் சிகிச்சையாளர் சொன்னதே இதற்கு வித்து என்று டிரையர் கூறியிருக்கிறார். அதற்காக அந்த அமைதியை நோய் குணமானதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவள் தேறவில்லை, உலகம்தான் அவள் நிலைக்கு இறங்கி வந்துவிட்டது. நிஜ வாழ்வில் நாளெல்லாம், ஏறக்குறைய தினமும், இரண்டு வாரம் இந்த அறிகுறிகள் நீடித்தால் மருத்துவரிடம் போக வேண்டும். சிகிச்சை உண்டு.

திரையிட நினைப்பவர்களுக்கு: அறையை நன்றாக இருட்டாக்குங்கள், இரவுக் காட்சிகள் வெளிச்சத்தில் வெளுத்துப்போகும். இறுதியின் அடியொலி சிறு ஸ்பீக்கரில் கேட்காது. அடியொலிக்கென்று தனி ஸ்பீக்கர் (ஊஃபர்) வையுங்கள், அதிர்ந்து கடகடக்கிறதா என்று முன்பே சோதியுங்கள். படத்தில் ஒரு தற்கொலையும் ஒரு குழந்தை உட்பட எல்லோரின் இறப்பும் உண்டு என்பதைத் தொடங்கும் முன்பே அறிவியுங்கள். எழுந்து போக விரும்புகிறவர்கள் யாரையும் மிதிக்காமல் போகும்படி நடுவில் வழி விட்டு நாற்காலி போடுங்கள்.