சோலார் பொருளைப் பரிசாக வாங்கும் முன் பேனலை அளந்து பாருங்கள்

வணக்கம் நண்பர்களே. தீபாவளிக்கு யாருக்கு என்ன வாங்கலாம் என்று எல்லோரும் யோசிக்கிற நேரம் இது. சோலார் பொருள் ஏதாவது கொடுக்கலாமா என்று நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் கடையில் முதலில் கண்ணில் படுவது பெரும்பாலும் வாங்கக்கூடாத பொருளாகவே இருக்கிறது. அதனால் சிலவற்றை மேஜையில் எடுத்து வைத்திருக்கிறேன்.

முதலில் இந்த சோலார் பவர் பேங்க். பார்க்க அழகாக இருக்கும், முதுகில் கறுப்பாக ஒரு பேனல். இதோ ஸ்கேலை வைக்கிறேன். நீளம் 15 சென்டிமீட்டர், அகலம் 7. உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டர் இடத்தில் ஏறத்தாழ 1000 வாட் அளவுக்கு வெயில் விழுகிறது. இந்தத் துண்டுப் பேனலின் பங்குக்கு வருவது 10 வாட் சொச்சம். நல்ல சிலிக்கான் பேனல்கூட அதில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் மின்சாரமாக்கும். ஆக, 2 வாட். சூடு, சாய்வான வெயில், பேட்டரியில் ஏறும்போது ஆகும் இழப்பு எல்லாம் போக 1.5 வாட் நின்றால் பெரிது.

இப்போது பெட்டியைத் திருப்புங்கள். 20,000 எம்.ஏ.ஹெச் (மில்லி ஆம்பியர் ஹவர்) என்று போட்டிருக்கிறது, அதாவது 20 ஆம்பியர் ஹவர். அந்த 20-ஐ பேட்டரியின் 3.7 வோல்ட்டால் பெருக்கினால் 74 வாட் ஹவர், அதாவது 1 வாட் வீதம் ஏற்றினால் நிறைய 74 மணி நேரம் ஆகும். 74-ஐ 1.5-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 50 மணி நேரம். நம் ஊரில் ஒரு நாளைக்கு 5 மணி நேரம் நல்ல வெயில் என்று வைத்துக்கொண்டாலும், இது நிறைய 10 நாள் ஆகும். அந்த 10 நாளும் லித்தியம் பேட்டரி வெயிலிலேயே வேக வேண்டும். 45 டிகிரிக்கு மேல் சூடான நிலையில் சார்ஜ் ஏற்றினால் அந்த வகை பேட்டரி சீக்கிரம் கெட்டுப்போகும். மொட்டை மாடித் தரையில் கறுப்பு நிறப் பொருளை வைத்தால் 45 டிகிரி என்பது சர்வசாதாரணம். பவர் பேங்க்தான் கொடுக்க வேண்டும் என்றால் பேனல் இல்லாத நல்ல பவர் பேங்காக வாங்கிக் கொடுங்கள். பேனல் ஒட்டிய இந்த வகையை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

சரி, அதே 1.5 வாட் பேனலை ஒரு விளக்கோடு சேர்த்தால் கதையே வேறு. 1 வாட் எல்.இ.டி போதும், ஏறத்தாழ 100 லூமன் வெளிச்சம் வரும். ஒரு அறையில் நாலு பேர் உட்கார்ந்து சாப்பிடலாம், பிள்ளைகள் படிக்கலாம். பகலில் 5 மணி நேரம் வெயில் பட்டால், இழப்பு போக ராத்திரி நாலைந்து மணி நேரம் எரியும். கணக்கு சரியாக நேராகிவிடுகிறது. என்னைக் கேட்டால் சோலாரில் கொடுக்க வேண்டிய முதல் பரிசு விளக்குதான்.

வேதாரண்யம் பக்கம் எங்கள் சித்தி வீடு. 2018 நவம்பர் 16-ஆம் தேதி அதிகாலை கஜா புயல் அந்தக் கரையில்தான் ஏறியது. டெல்டாவில் லட்சத்துக்கும் மேல் மின்கம்பங்கள் சாய்ந்தன. பல கிராமங்களுக்குக் கரண்ட் வர வாரக்கணக்கில் ஆனது. இதில் ஒன்றைக் கவனியுங்கள்: புயல் போனதும் வெயில் வந்துவிட்டது, கரண்ட்தான் வரவில்லை. புயலடிக்கிற அன்று சோலார் விளக்கு புதிதாக சார்ஜ் ஏறாது, முன்னாலேயே ஏற்றி வைத்ததுதான் கைகொடுக்கும். அதற்கப்புறம் வருகிற இருட்டு ராத்திரிகளுக்கு இது வேண்டும். நம் தீபாவளி வருவதும் வடகிழக்குப் பருவமழை நேரத்தில்தான். கடலூர், நாகை, திருவாரூர் பக்கம் சொந்தக்காரர்கள் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், விளக்கை வாங்குங்கள்.

எந்த விளக்கு? தலையிலேயே பேனல் ஒட்டியதை விட, இதோ இப்படி நீளமான ஒயரோடு பேனல் தனியாக வருவது நல்லது. பேனல் வெயிலில் காயும், பேட்டரி நிழலில் இருக்கும். ஓட்டு வீட்டில் பேனலைக் கூரைமேல் வைத்துவிட்டு ஒயரை உள்ளே விடலாம். சார்ஜ் ஏற்ற யூ.எஸ்.பி வழியும் இருக்கட்டும், மழை நாளில் உதவும்.

இன்னொன்று காட்டுகிறேன். பேனலுக்கும் விளக்குக்கும் நடுவில், எவ்வளவு மின்சாரம் வருகிறது என்று காட்டும் ஒரு மீட்டரை மாட்டியிருக்கிறேன். எண்ணைப் பாருங்கள். பேனலில் கட்டம் கட்டமாகத் தெரிவதுதான் செல். இப்போது ஒரு செல் மேல் மட்டும் இரண்டு விரலை வைக்கிறேன். பார்த்தீர்களா, பாதிக்கும் கீழே விழுந்துவிட்டது! மறைத்தது ஒரு மூலையைத்தான். செல்கள் வரிசையாக இணைக்கப்பட்டிருப்பதால் ஒன்று நிழலில் மாட்டினால் மற்றவையும் சேர்ந்து படுத்துவிடும். துணி காய்கிற கொடியின் நிழல், ஓரத்துத் தென்னங்கீற்று, காக்கை எச்சம் எதுவானாலும் இதே நிலைதான். பரிசு கொடுக்கும்போது இதை வாயால் சொல்லிவிட்டு வாருங்கள். பெட்டிக்குள் இருக்கிற காகிதத்தை யாரும் படிப்பதில்லை.

சென்னையில் அடுக்குமாடி வீட்டில், பால்கனியில் வெயிலே படாத தம்பிக்கு விளக்கைக் கொடுத்துப் பயனில்லை. அவனுக்கு இந்தக் கைக்கடிகாரம். சிட்டிசன் நிறுவனம் 1976-லேயே வெளிச்சத்தில் ஓடும் முள் கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இப்போது அவர்களின் ஈக்கோ டிரைவ், கேசியோவின் டஃப் சோலார் இரண்டும் நம் கடைகளில் கிடைக்கின்றன. கடிகாரத்துக்குத் தேவையான மின்சாரம் அவ்வளவு சொற்பம் என்பதால் ஆபீஸ் டியூப்லைட் வெளிச்சமே கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிவிடும். முழுச் சார்ஜில் பல மாடல்கள் மாதக்கணக்கில் இருட்டிலும் ஓடும். ஆனால் பீரோவுக்குள் பூட்டி வைத்து விசேஷத்துக்கு மட்டும் கட்டுகிற ஆளுக்கு வேண்டாம்.

மலை ஏறுகிற, சைக்கிளில் ஊர் சுற்றுகிற ஆளுக்கு மடிக்கும் பேனல். புத்தகம் போல விரியும் இது 20 வாட் என்று விற்கப்படுகிறது, நல்ல வெயிலில் 12 முதல் 15 வாட் வரை கிடைக்கும். இதில் போனை நேராக மாட்டாதீர்கள், மேகம் கடந்துபோகும் ஒவ்வொரு முறையும் சார்ஜ் அறுந்து அறுந்து வரும். பகலில் பவர் பேங்குக்கு ஏற்றி, அதிலிருந்து ராத்திரி போனுக்கு ஏற்றுவதுதான் வழி. முதுகுப் பையின் பின்னால் தொங்கவிட்டு மரங்களுக்குள் நடந்தால் ஒன்றும் ஏறாது, தங்கும் இடத்தில் விரித்து வைக்க வேண்டும்.

தோட்டத்தில் குத்தி வைக்கும் குட்டி விளக்குகள் அலங்காரத்துக்குச் சரி. உள்ளே இருக்கும் பேட்டரியைக் கழற்றி மாற்ற முடிகிறதா என்று மட்டும் பாருங்கள்.

கடைசியாக, விளக்கு வாங்கும்போது பேட்டரியின் வோல்ட்டைப் படியுங்கள். 3.2 வோல்ட் என்றிருந்தால் அது லித்தியம் அயர்ன் பாஸ்பேட். சூட்டை நன்றாகத் தாங்கும், நல்ல தரமாக இருந்தால் 2000 தடவைக்கு மேல் சார்ஜ் ஏற்றலாம். 3.7 என்றால் சாதாரண லித்தியம் அயான், ஆயுள் அதைவிடக் குறைவு. சில நூறு ரூபாய் கூடினாலும் 3.2-ஐ எடுங்கள். பவர் பேங்க் என்றால் இந்தியத் தர நிர்ணய அமைப்பான பி.ஐ.எஸ் முத்திரையும் ஆர் என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். வெளிநாடு போகிறவருக்குக் கொடுத்தால் கைப்பையில்தான் வைக்க வேண்டும், 100 வாட் ஹவருக்குள் இருக்க வேண்டும் என்று சொல்லி அனுப்புங்கள்.

எதை வாங்கினாலும், காகிதம் சுற்றுவதற்கு முன்னால் ஒரு முழுநாள் வெயிலில் நீங்களே வைத்துப் பாருங்கள். ராத்திரி எத்தனை மணி நேரம் எரிகிறது என்று பார்த்துவிட்டால், மாற்றுவதற்குக் கடை பில் கையில் இருக்கும்போதே தெரிந்துவிடும்.