ஒரு மணி நேரம், ஆறு வேஷம்: எடின்பரோ ஃபிரிஞ்ச்ல திரைக்குப் பின்னாடி நடக்குறது

வணக்கம் மக்களே. வேற ஆளா வேஷம் போட்டு சிரிக்க வைக்கிற கேரக்டர் காமெடின்னாலே எல்லாரும் குரல், நடிப்பு, எழுத்துன்னுதான் பேசுறாங்க. இன்னைக்கு நாம பேசப்போறது வேஷம் மாத்துற அந்த 15 செகண்டப் பத்தி. நல்லா எழுதுன ஷோ கூட அங்கதான் படுத்துடும்.

முதல்ல எடின்பரோ ஃபிரிஞ்ச், அதாவது ஸ்காட்லாந்துல நடக்குற பெரிய மேடைக்கலைத் திருவிழா, அதோட நிலவரத்தப் புரிஞ்சுக்கோங்க. ஆகஸ்ட்ல மூணு வாரத்துக்கு மேல, அநேகமா தினமும், அதே நேரம், அதே அறை. ஸ்லாட் ஒரு மணி நேரம்னாலும் ஜனங்க உள்ள வந்து உக்காரணும், முடிஞ்சு கலையணும். கையில நிக்கிறது 50, 55 நிமிஷம்தான். அறைங்கிறது பப்போட மாடியா இருக்கலாம், கல்லு நிலவறையா இருக்கலாம், காலேஜ் கிளாஸ்ரூமா கூட இருக்கலாம். சின்ன அறைகள்ல சைடு விங் (மேடை ஓரத்துல ஒதுங்குற மறைவிடம்) கிடையாது, ஒரு கறுப்புத் திரைதான். அதுக்குப் பின்னாடி ஒரு நாற்காலி போட இடம் கிடைச்சாலே பெரிசு.

அதனால வரிசை போடும்போதே ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோங்க: கழட்டுறது வேகம், மாட்டுறது தாமதம். கோட்டு, தொப்பை, பாவாடைன்னு கனமான வேஷம் எதுவோ அது முதல்ல வரட்டும். அதுக்கு அடியிலயே ரெண்டாவது ஆளோட சட்டை இருக்கட்டும். எல்லாத்துக்கும் அடியில கறுப்பு டீ-ஷர்ட், கறுப்பு பேன்ட். ஷூவ மட்டும் கடைசி வரைக்கும் மாத்தாதீங்க. லேஸ் ஒரு தடவ சிக்கிச்சுன்னா அத்தோட போச்சு.

பட்டன எல்லாம் வெட்டிட்டு, உள்பக்கம் வெல்க்ரோ தைங்க. வெட்டுன பட்டன மேல அலங்காரத்துக்கு வச்சுத் தச்சிடுங்க. இதுல ஒரு முக்கியமான விஷயம், வெல்க்ரோவுல சொரசொரப்பான பக்கம் ஒண்ணு, மெத்துன்னு ஒண்ணு. கழுத்துப் பக்கம் சொரசொரப்பு வெளிய தெரியுற மாதிரி தச்சா, விக்கோட முடிய அப்படியே கவ்விக்கும். சட்டைய இழுத்தா விக்கும் சேந்து வரும். அதனால மேல மூடுற மடிப்புல மெத்துப் பக்கம், அடியில சொரசொரப்பு, அதுவும் கழுத்துல இருந்து நாலு விரக்கடை கீழ.

மீசைக்கு ஸ்பிரிட் கம்ங்கிற மேக்கப் பசை வேண்டாம். அது பிசுபிசுன்னு ஆகுற வரைக்கும் காத்திருந்து ஒட்டணும், எடுக்கவும் தனி மருந்து வேணும். விக் ஒட்டுற டேப் போதும். வேர்வையில அதுவும் வழுக்கும், அதனால மீசைக்காரருக்கு அஞ்சு நிமிஷத்துக்கு மேல குடுக்காதீங்க. கண்ணாடிய, காம்பு ரெண்டும் விரிச்ச மாதிரியே வைங்க. விக்க மாட்டுன பிறகுதான் கண்ணாடி, முன்னாடி போட்டா காம்பு முடிக்குள்ள சிக்கும். ஹெட்செட் மைக் விக்ல உரசி கரகரன்னு சத்தம் போடும். 50 நாற்காலி அறைக்கு மைக்கே தேவையில்ல, வெறும் தொண்டையே எட்டும்.

இப்போ அந்த 15 செகண்ட். இருட்டுல, அமைதியில அது ரொம்ப நீளம். ஜனங்க ஃபோன எடுத்துடுவாங்க. அதனால அடுத்த ஆளோட முதல் வரி திரைக்குப் பின்னாடியில இருந்தே வரட்டும், யாரையோ திட்டிக்கிட்டே வர்ற மாதிரி. பாட்டு போடுறீங்கன்னா 15 செகண்ட் மாத்தத்துக்கு ஒரு நிமிஷப் பாட்டு வைங்க, நீங்க வெளிய வந்ததும் டெக்னீஷியன் சத்தத்தக் குறைக்கட்டும். அளவா வெட்டுன பாட்டுன்னா, ஜிப் ஒரு தடவ சிக்குனாலே பாட்டு முடிஞ்சு வெறும் அமைதி. டிக்கெட் இல்லாத இலவச ஷோ அறைகள்ல பல நேரம் டெக்னீஷியனே இருக்க மாட்டாரு, ஃபோன்ல இருந்து நீங்கதான் ஓட்டணும். அப்போ புளூடூத்த நம்பாதீங்க, வயர் கொண்டு போங்க.

வேஷமே மாத்தாம ஒரே ஆளா நிக்கிறதும் நல்ல வழி. பிரிட்டிஷ் காமெடியன் ஆல் மர்ரேயோட பப் ஓனர் வேஷம் அப்படித்தான். கையில ஒரு பீர் கிளாஸ், அவ்வளவுதான். 1996ல இருந்து வரிசையா மூணு வருஷம் பெரியர் விருதுக்கு (எடின்பரோ காமெடி விருதோட பழைய பேரு) தேர்வுப் பட்டியல்ல வந்து, 1999ல ஜெயிச்சாரு. கடைக்காரன்னா வர்றவங்ககிட்ட பேரு என்ன, என்ன வேலைன்னு கேக்குறது இயல்பு. அந்தத் தொழிலே ஜனங்ககிட்ட பேச ஒரு காரணத்தக் குடுத்துடுது பாருங்க, எனக்கு அது அவ்வளவு பிடிக்கும். இன்னொரு காமெடியன் ஜான் கெர்ன்ஸுக்கு உச்சி வழுக்கை விக்கும் பொய்ப்பல்லும் போதும். அதே எடின்பரோ காமெடி விருதுல 2013ல புதுமுக விருது, 2014ல முதன்மை விருது. ரெண்டையும் வாங்குன முதல் ஆளு அவருதான். பொய்ப்பல்லுன்னா 'ச'வும் 'ஸ'வும் குழறும். கடைசி வாரத்துல மாட்டிப் பாக்காம, ஒத்திகையோட முதல் நாள்ல இருந்தே மாட்டிக்கிட்டு பேசுங்க.

தொண்டைய அடைச்சுப் பேசுற ஆளு ஒருத்தர் இருந்தா அவர கடைசியில வைங்க. பகல்ல ராயல் மைல்ங்கிற எடின்பரோ தெருவுல ஃப்ளையர் குடுக்கும்போது அந்தக் குரல்ல கத்தவே கூடாது. ரெண்டாவது வாரத்துல தொண்டை கட்டிக்கும்.

நிலவறை ஈரத்துல துணி ராத்திரியில காயாது. உள்சட்டை மூணு செட் வேணும். துவைக்க முடியாத கோட்டுக்கு, வோட்காவும் தண்ணியும் கலந்து உள்பக்கம் ஸ்ப்ரே பண்ணுங்க. நாடகக் கம்பெனிகள்ல காலங்காலமா பண்றது இதான், நாத்தம் போயிடும்.

இலவச ஷோன்னா கடைசியில, ஜனங்க விருப்பப்பட்ட காசப் போட ஒரு வாளி. காசு கேக்கும்போது தலையில இருக்குற விக்கக் கழட்டிட்டு, உங்க சொந்தக் குரல்ல ஒரு நிமிஷம் பேசுங்க. அந்த வேஷத்துலயே கேட்டா அதையும் ஜோக்குன்னு நெனச்சு சிரிச்சுட்டுப் போயிடுவாங்க. வாளியோட வாசல்ல நில்லுங்க, மேடையில வச்சா யாரும் திரும்பி வர மாட்டாங்க. கார்டு மெஷினும் கூடவே இருக்கட்டும். சூட்கேஸ் மூடியோட உள்பக்கம், எது எங்க இருக்கணும்னு ஒரு ஃபோட்டோ ஒட்டி வைங்க. அடுத்த ஷோக்காரர் பெட்டியோட காத்துக்கிட்டு நிக்கும்போது அத பாத்து அடுக்குனா அஞ்சு நிமிஷத்துல வெளிய வந்துடலாம்.